எண்ணால் இயங்கும் பொறியும் எம் இளைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)

சமயமும் இலக்கியமும் பேசிப் பழகிய மேடை இது. இங்கே இரும்பையும் உருக்கையும் பற்றிப் பேச வந்தமைக்கு முதலிலே ஒரு நியாயம் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் நவராத்திரி முடிவிலே, ஏட்டையும் எழுதுகோலையும் வைக்கின்ற அதே பீடத்திலே சுத்தியலையும் அரத்தையும் வாளையும் வைத்து வழிபடுகின்ற மரபு நம்முடையது. அன்றைக்கு ஏட்டுக்கும் ஒரு பூ, அரத்துக்கும் ஒரு பூ. மறுநாட் காலையிலோ ஏடு மேலானதென்றும் அரம் கீழானதென்றும் மீண்டும் பிரித்துவிடுகின்றோம். பிள்ளை அலுவலகத்திலே கதிரையில் அமர்ந்தால் பெருமை. பட்டறையிலே எண்ணெய்க் கையோடு நின்றால் வருத்தம். இந்தப் பிரிவினை இன்றைய உலகத் தொழிலுக்குப் பொருந்துமா என்பதுதான் நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட விடயம். அதற்கு உதாரணமாக, கணனியின் கட்டளைக்கு ஏற்ப உலோகத்தை வெட்டுகின்ற சி. என். சி. இயந்திரத்தையும், அதற்குச் செய்நிரல் எழுதுகின்ற தொழிலையும் எடுத்துக்கொள்வோம்.

கைச்சில்லுக்கு எட்டாத வளைவு

லொறிச் சாரதிமார் "டேர்போ" என்று சொல்லும் உறுப்பை உங்களிற் பலர் அறிவீர்கள். இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது அது. அதனுள்ளே உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு சிறு விசிறிச் சில்லு உண்டு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலும் அது சுழலும். அதன் இதழ்களைக் கூர்ந்து பாருங்கள். தாமரை இதழைப்போல வளைந்தும், அதே வேளையில் முறுகியும் நிற்கும். தட்டையான முகம் எங்கும் இல்லை. நேர்கோடு என்று சொல்ல ஓர் இடம் இல்லை. ஓர் இதழுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலே விரல் நுழையாது. ஓரிதழ் சிறிது தடித்தாலும் சமநிலை குலைந்து, அந்த வேகத்திலே சிதறிவிடவும் கூடும். இச்சில்லை அச்சில் வார்ப்பதும் உண்டு. திண்ம அலுமினியக் கட்டியிலிருந்து வெட்டி எடுப்பதும் உண்டு.

பழைய மில்லிங் இயந்திரத்திலே இதனை வெட்டுவது எப்படி? அவ்வியந்திரத்துக்குக் கைச்சில்லுகள் உண்டு. ஒன்றைச் சுழற்றினால் மேசை இடம் வலமாகப் போகும். மற்றொன்றைச் சுழற்றினால் முன்னும் பின்னும் போகும். நேர்கோடு வெட்ட ஒரு சில்லுப் போதும். வளைவு வெட்டவேண்டுமாயின் இரண்டையும் ஒரே நேரத்திலே, கணத்துக்குக் கணம் மாறுகின்ற விகிதத்திலே சுழற்றவேண்டும். முறுகிய இதழுக்கோ மேலும் கீழுமான அசைவும் வேண்டும்; கருவி சரிந்து கொடுக்கவும் வேண்டும். எத்துணைக் கைத்திறன் உடையவனாயினும் மனிதனுக்கு இருப்பவை இரண்டு கைகளே.

இந்தத் தடை முதன்முதலிலே வேறோர் உறுப்பின் வடிவிலே எதிர்ப்பட்டது. 1940களிலே ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து றவர்ஸ் சிற்றி என்னும் ஊரிலே ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர்களுக்கான சுழலிறக்கைகளைச் செய்துவந்தார். பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவரல்லர்; பட்டறையிலே வளர்ந்தவர். இறக்கையின் வளைவைச் சோதிக்க மாதிரித் தகடுகள் தேவைப்பட்டன. வரைபடத்திலே வளைவின்மேற் சில புள்ளிகளே தரப்பட்டிருக்கும். இடைப்பட்ட வளைவைக் கண்ணாலும் கையாலும் இணைக்கவேண்டும். அவரிடம் பணிபுரிந்த பொறியியலாளர் பிராங்க் ஸ்ருலன், கணக்குப் பதிவுக்குப் பயன்பட்ட துளையட்டை இயந்திரத்தைக் கொண்டு அவ்வளைவின்மேல் இருநூறு புள்ளிகளைக் கணித்துத் தந்தார். பிறகு ஒருவர் எண்களை உரத்து வாசிக்க, மற்றிருவர் ஆளுக்கொரு கைச்சில்லைச் சுழற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டினார்கள். எஞ்சிய சிறு மேடுகளை அரத்தால் ராவினார்கள்.

எண்ணை வாசிக்கும் அந்த மனிதரின் இடத்திலே இயந்திரத்தையே வைத்தால் என்ன என்று பார்சன்ஸ் எண்ணினார். இன்றைய சி. என். சி. முறைக்கெல்லாம் அதுவே வித்து. 1949ஆம் ஆண்டு அமெரிக்க விமானப் படையின் ஒப்பந்தம் கிடைத்தது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடம் அதனைச் செயலாக்கி, 1952ஆம் ஆண்டிலே எண்ணால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியது. பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகள் நிறைந்த அதன் கட்டுப்பாட்டு அலுமாரிகள், இயந்திரத்தை விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டன. கட்டளைகள் துளையிட்ட தாள்நாடா வழியே சென்றன. 1985ஆம் ஆண்டிலே பார்சன்சுக்கும் ஸ்ருலனுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பெற்றது.

இயந்திரம் வந்தது, எழுதுவோர் இல்லை

அன்பர்களே! இயந்திரம் வந்தவுடன் இடர் தீரவில்லை. அது இடம் மாறியது. ஒரு வளைவுக்கு ஆயிரக்கணக்கான எண்களைக் கணித்து நாடாவிலே துளையிடுவதற்கு, அதனைக் கையாலே வெட்டுவதிலும் கூடிய காலம் சென்றது. ஆகவே அந்த எண்களையும் கணனியே எழுதவேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது. டக்ளஸ் றொஸ் என்பவரின் தலைமையிலே அதே நிறுவனத்தில் "ஏ. பி. ரி." என்னும் மொழி உருவாகி, 1959இல் வெளிக்காட்டப்பட்டது. இந்தக் கோட்டின் வலப்புறமாகச் செல், இந்த வட்டத்தைத் தொட்டுத் திரும்பு என்ற முறையிலே மனிதன் எழுதினாற் போதும். புள்ளிகளைக் கணனி கணித்துக்கொள்ளும். அன்று வந்த பத்திரிகையாளருக்கு அம்முறையால் வெட்டிய அலுமினியச் சாம்பற் கிண்ணங்கள் நினைவுப் பரிசாகக் கொடுக்கப்பட்டன.

எழுத்தாலே சொல்லக்கூடிய வட்டமும் கோடும் இருந்தால் சரி. மோட்டார் வண்டியின் உடலைப் போன்று, எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத வளைவை எவ்வாறு சொல்வது? இதற்கு விடை பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்தது. றெனோ மோட்டார்த் தொழிற்சாலையின் பியர் பெசியே என்பவர் 1960களிலே, சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நகர்த்துவதனாலேயே ஒரு வளைவை வேண்டியபடி வளைத்தெடுக்கும் முறையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். போட்டி நிறுவனமாகிய சித்ரோயனிலே போல் த காஸ்ரல்ஜோ என்னும் கணிதர் 1959இலேயே இதனைக் கண்டிருந்தார். ஆயினும் அந்நிறுவனம் அதனை இரகசியமாக வைத்திருந்தமையால் பெயர் பெசியேக்குப் போயிற்று. இன்று கணனியிலே அச்சுக் கோக்கப்படும் தமிழ் எழுத்துக்களின் சுழியும் வளைவும் அதே கணிதத்தால் வரையப்பட்டவையே.

பெசியேயின் வாழ்விலே எம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அவர் 1933இல் றெனோவிலே சேர்ந்தபோது ஏற்ற பணி, இயந்திரங்களிலே வெட்டுங் கருவிகளைப் பூட்டிச் சரிபார்க்கும் பணி. அங்கிருந்து கருவிகளை வடிவமைப்பவராகி, பின்பு அப்பகுதியின் தலைவரானார். 1977ஆம் ஆண்டிலே, அறுபது வயதைத் தாண்டிய பின்னர், கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கருவி பூட்டிய கையே கணிதமும் எழுதியது. ஏட்டையும் அரத்தையும் பிரிப்போர் இதனை மனத்திலிருத்த வேண்டும்.

ஒரே உருவம், பல கைகள்

அதற்கு முந்திய வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். வடிவமைப்பாளர் ஓர் அறையிலே படம் வரைவார். வேறோர் அறையிலே செய்நிரல் எழுதுபவர் அந்தப் படத்தைப் பார்த்து எண்களை மீண்டும் எழுதுவார். பட்டறையில் உள்ளவர் அவ்வெண்களை நம்பி வெட்டுவார். கைமாறும் ஒவ்வோரிடத்திலும் ஒரு பிழை புகுவதற்கு வாசல் திறந்திருக்கும். வடிவமைப்பாளர் இரண்டு மிலிமீற்றர் மாற்றினால், மாற்றம் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும் முன் பழைய அளவிலே பத்து உறுப்புக்கள் வெட்டப்பட்டிருக்கும்.

இந்த அறைகளை இணைப்பதே இன்றைய ஒருங்கிணைந்த வடிவமைப்பு மென்பொருள். பிரான்ஸ் தேசத்து விமானக் கம்பனியாகிய தசோவிலே 1977இல் தொடங்கப்பெற்ற "கற்றியா" இவற்றுள் முதன்மையான ஒன்று. இத்தகைய மென்பொருளிலே உறுப்பின் முப்பரிமாண உருவம் ஒன்றே இருக்கும். வரைபடமும், வெட்டுங் கருவியின் பாதையும், அளவு சரிபார்க்கும் திட்டமும் அதிலிருந்தே பிறக்கும். உருவத்தை மாற்றினால் கருவிப் பாதையையும் அதற்கேற்பக் கணனி புதிதாகக் கணிக்கும். போயிங் 777 விமானம் முற்றிலும் கணனியிலே இவ்வாறு வடிவமைக்கப்பட்டு 1994இலே முதன்முறையாகப் பறந்தது.

ஒருங்கிணைப்புத் தவறினால் வரும் கேட்டுக்கும் சான்று உண்டு. எயர்பஸ் ஏ 380 என்னும் இரண்டு தட்டு விமானத்திலே 500 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட மின்கம்பி ஓடுகின்றது. ஜேர்மனியின் ஹாம்பேர்க் நகரத்தார் "கற்றியா"வின் நான்காம் பதிப்பையும், பிரான்சின் துலூஸ் நகரத்தார் ஐந்தாம் பதிப்பையும் கையாண்டனர். ஹாம்பேர்க்கிலே கட்டிய கம்பித் தொகுதிகளைத் துலூசிலே விமானத்தினுட் பூட்டியபோது அவை பொருந்தவில்லை. சில இடங்களிலே நீளம் போதவில்லை. 2006ஆம் ஆண்டு வெளிப்பட்ட பெருந் தாமதத்துக்கு இதுவே முக்கிய காரணங்களுள் ஒன்று. கோடிக்கணக்கான யூரோ நட்டமாயிற்று. இரு நகரத்தாரும் கெட்டிக்காரரே. ஆயினும் அவர்கள் முன்னிருந்த உருவம் ஒன்றாயிருக்கவில்லை.

செய்நிரல் எழுதுவது எப்படி?

இளைஞர்களுக்காக இதனைச் சற்று விரித்துச் சொல்வோம். முன்னர்க் கூறிய விசிறிச் சில்லையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, எந்தக் கட்டியிலிருந்து வெட்டப்போகிறோம், அதை எங்கே எவ்வாறு பிடித்துப் பூட்டப்போகிறோம் என்று தீர்மானிக்கவேண்டும். அளவுகளுக்கெல்லாம் தொடக்கமாக ஒரு பூச்சியப் புள்ளியைக் குறிக்கவேண்டும். கணனியிலே குறித்த பூச்சியமும், இயந்திரத்தின் மேசையிலே தொட்டுக் கண்ட பூச்சியமும் ஒன்றாயிருத்தல் இத்தொழிலின் அடிப்படை.

இரண்டாவது, கருவியும் வேகமும். வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என்று கொள்வர். 10 மிலிமீற்றர் விட்டமுள்ள கருவியால் அலுமினியத்தை நிமிடத்துக்கு 300 மீற்றர் வேகத்தில் வெட்டவேண்டுமாயின், கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,550 தடவை சுழலவேண்டும். ரைற்றேனியத்தை நிமிடத்துக்கு 60 மீற்றரில் வெட்டினால் ஏறத்தாழ 1,900 தடவையே. ஏன் இந்த வேறுபாடு? ரைற்றேனியம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வெட்டும்போது பிறக்கும் சூடு கருவியின் நுனியிலேயே தங்கி அதனை எரித்துவிடும். மென்பொருள் ஒரு வேகத்தை முன்மொழியும். கட்டி மெல்லியதா, பிடி உறுதியானதா, கருவி நீண்டு நிற்கிறதா என்பவற்றைக் கண்டு அதனை ஏற்பதோ குறைப்பதோ மனிதனின் வேலை.

மூன்றாவது, வெட்டும் முறை. முதலிலே தடித்த கருவியாற் பெரும்பகுதியை விரைவாக அகற்றுவர். அடுத்து ஓரளவு மேனியை ஒப்பமாக்குவர். கடைசியிலே பந்து நுனியுள்ள கருவியால் மெல்லிய வரிகளாக முடிப்பர். பந்து நுனி ஓடிய இரண்டு வரிகளுக்கிடையே ஒரு சிறு வரம்பு எஞ்சும். வயலில் உழுத சாலுக்குச் சால் மேடு நிற்பது போல. 10 மிலிமீற்றர்ப் பந்துக் கருவியை 0.4 மிலிமீற்றர் இடைவெளியில் ஓட்டினால் அவ்வரம்பின் உயரம் 0.004 மிலிமீற்றர். இடைவெளியைப் பாதியாக்கினால் உயரம் நாலில் ஒன்றாகிவிடும். ஆனால் வெட்டும் நேரம் இரட்டிக்கும். எவ்வளவு ஒப்பம் போதும் என்று அறிவதும் ஓர் அறிவு. தேவைக்கு மேல் ஒப்பமாக்குபவன் முதலாளியின் பணத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குகிறான்.

நான்காவது, அச்சுக்கள். இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்ற மூன்றோடு, மேசையையோ கருவியையோ சரிக்கும் சுழற்சிகள் இரண்டு சேர்ந்தால் ஐந்து அச்சு இயந்திரம். முறுகிய இரண்டு இதழ்களின் இடுக்கிலே கருவி புகுந்து இதழைத் தொடாமல் வெளிவர இவ்வைந்தும் ஒருங்கே அசையவேண்டும். மேலும், பந்து நுனியின் நடுப்புள்ளி சுழன்றாலும் அங்கே வெட்டும் வேகம் பூச்சியமே. அது வெட்டாது, தேய்க்கும். கருவியைச் சற்றுச் சரித்தால் நுனியின் பக்கம் வெட்டும், மேனி பளபளக்கும்.

ஐந்தாவது, மொழிபெயர்ப்பு. மென்பொருள் கணித்த பாதையை அந்தந்த இயந்திரம் அறியும் கட்டளையாக மாற்றவேண்டும். "ஜி 00" என்றால் விரைந்து செல். "ஜி 01" என்றால் குறித்த வேகத்திலே நேராக வெட்டிச் செல். "ஜி 02", "ஜி 03" என்பன இரு திசை வளைவுகள். "எம் 03" என்றாற் கருவியைச் சுழற்று. ஒரே கட்டளையை வேறு வேறு இயந்திரங்கள் வேறு வேறாகக் கொள்வதும் உண்டு. 50 என்ற எண்ணுக்குப் பின் ஒரு தசமப் புள்ளியை இடாது விட்டால், சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதனை 50 மிலிமீற்றர் என்று கொள்ளா; 0.05 மிலிமீற்றர் என்றே கொள்ளும். எழுத்திலே ஒரு புள்ளி தவறினாற் பொருள் மாறும் என்பது தமிழ் படித்த நமக்குப் புதிதன்று. இங்கே உருக்கும் உடையும்.

எமக்கு வாய்த்த ஒரு பாடம்

நாம் இத்தொழிலைப் பயின்ற காலத்திலே நடந்த ஒன்றை ஒளியாமற் சொல்வோம். ஓர் அலுமினிய உறுப்புக்குச் செய்நிரல் எழுதினோம். கணனித் திரையிலே வெட்டுவதை ஓட்டிப் பார்த்தோம். மோதல் எதுவும் காட்டவில்லை. மிக்க பெருமையோடு இயந்திரத்துக்கு அனுப்பிப் பொத்தானை அழுத்தினோம். மூன்றாவது கருவி வேலையை முடித்து அடுத்த இடத்துக்கு விரைந்து சென்றபோது ஓர் இடிமுழக்கம்! கருவியைத் தாங்கும் பகுதி, கட்டியைப் பிடித்திருந்த கிளாம்பிலே மோதிவிட்டது. கருவி முறிந்தது. சுழல்தண்டின் தாங்கி பழுதாயிற்று. அவ்வியந்திரம் மூன்று வாரம் வேலையின்றி நின்றது.

அங்கே தலைநரைத்த மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். கணனியைத் தொடாதவர். அவர் வந்து பார்த்தார், ஏசவில்லை. "தம்பி, கிளாம்பை எங்கே பூட்டியிருக்கிறோம் என்று கணனிக்குச் சொன்னீரோ?" என்று மட்டும் கேட்டார்.

நாம் சொல்லவில்லை. திரையிலே கட்டியும் கருவியும் இருந்தன, கிளாம்ப் இல்லை. கணனி பொய் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை அது அறியாது. அந்தப் பெரியவரோ, செய்நிரலிலே ஓரெழுத்தும் வாசிக்க அறியாதவராயினும், கருவி போகும் வழியிலே என்ன நிற்கிறது என்பதை ஒரு பார்வையிலே கண்டார். அன்று தொடக்கம் நாம் எழுதிய எதையும் அவரிடம் காட்டாமல் ஓட்டியதில்லை. அவர் கிளாம்ப் பூட்டும் விதத்தை நமக்குக் காட்டினார். நாம் செய்நிரல் வாசிக்கும் விதத்தை அவருக்குக் காட்டினோம். ஆறு மாதத்தின் பின் எமது பிழைகளைத் தாளிலேயே கண்டு சொல்லத் தொடங்கினார்.

ஆகவே இளைஞர்களே, முதல் உறுப்பை வெட்டும்போது இவற்றைக் கைக்கொள்ளுங்கள். முதலிலே கருவியைக் கட்டிக்கு மேலே உயர்த்தி வெறுங்காற்றில் ஓட்டிப் பாருங்கள். கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் செலுத்துங்கள். வேகத்தைக் குறைத்து வையுங்கள். நிறுத்தும் பொத்தானில் இருந்து கையை எடுக்காதீர்கள். பிடித்திருக்கும் கட்டைகள், கருவி தாங்கி யாவற்றையும் திரையிலே சேர்த்த பின்பே ஒத்திகை பாருங்கள். இவற்றால் இழப்பது அரைமணி நேரம். இழக்காதது இயந்திரமும், சில வேளை ஒருவரின் கண்ணும் கையும்.

யாருடைய கையில் அறிவு?

இனி, பெரியோர்களும் இளைஞர்களும் சேர்ந்து சிந்திக்கவேண்டிய ஒன்றைச் சொல்லவேண்டும். பார்சன்ஸ் தம் எண்ணத்தை வளர்த்த அதே 1940களிலே, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் கம்பனியிலே வேறொரு முறையும் சோதிக்கப்பட்டது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் ஓர் உறுப்பைத் தம் கையால் வெட்டுவார். அவருடைய அசைவுகள் காந்த நாடாவிலே பதியப்படும். பிறகு இயந்திரம் அவ்வசைவுகளைத் தானே திரும்பச் செய்யும். அம்முறையிலே செய்நிரலின் ஆசிரியர் பட்டறைத் தொழிலாளியே. அது நிலைக்கவில்லை. எண்முறையே வென்றது. வெற்றிக்குக் காரணம் தொழில்நுட்பம் மாத்திரமன்று, அறிவைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்து அலுவலகத்தின் கையிலே வைக்கவேண்டும் என்னும் நிர்வாகத்தாரின் விருப்பமும் ஆகும் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே வாதிட்டார்.

அவ்வாதத்தை முழுவதும் நாம் ஏற்கவில்லை. முறுகிய இதழைக் கையால் வெட்டிப் பதிவு செய்ய எவராலும் இயலாது. எண்முறையே அதற்கு ஏற்ற வழி. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கின்றது. ஒரே பட்டறையிலே, ஒரே இயந்திரத்தின் முன்னே இரண்டு விதமான இளைஞர் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒருவர் கட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தி, முடிந்ததும் எடுத்து அடுத்ததை வைப்பவர். ஐந்து ஆண்டு நின்றாலும் அவர் அறிவது அந்தப் பொத்தானையே. நாளை ஓர் இயந்திரக் கை வந்து அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ளும். மற்றவர் அந்த உறுப்பு ஏன் அவ்வாறு வெட்டப்படுகிறது என்று கேட்டு, செய்நிரலை வாசித்து, திருத்தி, பின்பு தாமே எழுதத் தொடங்குபவர். முன்னவரை இயந்திரம் ஆளும். பின்னவர் இயந்திரத்தை ஆள்வார்.

இரண்டாம் வகையினராவதற்கு இன்று வாய்ப்பு முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு உண்டு. உருவம் வரைதல், கருவிப் பாதை அமைத்தல் ஆகிய இரண்டையும் செய்யவல்ல "பிறீகாட்" என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. இயந்திரத்தையே கட்டுப்படுத்தும் "லினக்ஸ் சி. என். சி." என்பதும் அவ்வாறே. வீட்டிலே ஒரு சாதாரண கணனி உள்ளவர் இன்றிரவே தொடங்கலாம். ஆயினும் திரையோடு நின்றுவிடக் கூடாது. திரையிலே உருக்கும் அலுமினியமும் ஒரே நிறம். அங்கே சூடில்லை, அதிர்வில்லை, கருவி தேயும் ஓசையில்லை.

எனவே எமது ஆலோசனை இது. முதலில் கேத்திரகணிதத்தையும் திரிகோணகணிதத்தையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து அச்சின் மருமம் அவற்றில் இருக்கின்றது. ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கப் பழகுங்கள். ஒரு மிலிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதைக் கை அப்போதுதான் அறியும். வேணியர் இடுக்கியாலும் மைக்றோமீற்றராலும் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய லேத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் சில மாதம் கைச்சில்லைச் சுழற்றுங்கள். பிறகு மென்பொருளிலே எளிய தட்டை உறுப்புக்களைத் தொடங்கி, மூன்று அச்சு, ஐந்து அச்சு என்று ஏறுங்கள். மென்பொருள் எழுதித் தந்த செய்நிரலாயினும் உங்கள் கண்ணால் ஒருமுறை வாசியாமல் ஓட்டாதீர்கள்.

பெற்றோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளை பட்டறைத் தொழில் பயிலப் போகிறேன் என்று சொன்னால், படிப்பு ஏறாதவன் போகும் இடம் அது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே கணிதம் வேண்டும், பௌதிகம் வேண்டும், பொறுமையும் நேர்மையும் வேண்டும். அளவு ஒரு மயிரிழை தவறிய உறுப்பைச் சரியென்று எழுதிக் கொடுப்பவன், அது பூட்டப்பட்ட வாகனத்திற் போகும் முகந்தெரியாத ஒருவருக்குத் துரோகம் செய்கின்றான். யாரும் பாராத இடத்திலும் அளவைச் சரியாக எழுதுகின்ற மனம், கோவிலிலே கைகூப்பி நிற்கும் மனத்தினின்றும் வேறானதன்று.

சங்கத்தாருக்கும் ஒன்று சொல்லி அமைகின்றோம். நமது சங்கத்திலே கணனி அறிந்த இளைஞர் இருக்கின்றனர். நமது ஊரிலே லேத் அடித்தும் தச்சுச் செய்தும் நரைத்த பெரியவர்கள் இருக்கின்றனர். மாதத்தில் ஒரு நாள் இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்துங்கள். ஒரு கணனியும், ஓர் இரும்புத் துண்டும், ஓர் அரமும் இருந்தாற் போதும். அந்தப் பெரியவர் எம்மிடம் கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளைகளிடமும் யாரேனும் கேட்கட்டும். இயந்திரம் உடையும் முன்னரே கேட்கட்டும்.

வருகின்ற நவராத்திரியிலே ஏட்டையும் அரத்தையும் ஒரே பீடத்திலே வைப்போம். மறுநாளும் அவற்றைப் பிரியாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.